நர்ஸ் படிக்கப் போகும் நம் பிள்ளைகள்: செலவும் வருங்காலமும்

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் வழக்கமாக நாங்கள் சுகம் பெற்றுப் போனவர்களைப் பற்றிப் பேசுவோம். பாம்பு கடித்து வந்த பையன், எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு வந்த தாய், இப்படி. இந்த ஆண்டு கமிட்டியார் வேறு ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். "ஐயா, நர்ஸ் படிப்பு உதவி நிதியைப் பற்றி நண்பர்கள் கேள்வி கேட்கிறார்கள். நீங்களே நின்று பதில் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். ஆகவே இன்று பிரசங்கம் இல்லை, கணக்குதான். லூக்கா 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ண வேண்டியதைப் பற்றி ஆண்டவர் பேசியிருக்கிறார். செமினரியில் அதைச் சீஷத்துவத்துக்கு உவமையாகப் படித்தோம். இந்தக் கரிசல் காட்டுக்கு வந்த பிறகுதான் அது உண்மையிலேயே செலவுக் கணக்கைப் பற்றியதும்கூட என்று விளங்கியது.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் ஒரு தகப்பனார் எங்களைத் தேடி வந்தார். திருச்சுழிக்குத் தெற்கே குண்டாற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அவருடைய தாயாருக்கு நம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நடந்தது, அந்தப் பழக்கம். கூடவே மகள், கையில் மார்க் பட்டியல் வைத்த பிளாஸ்டிக் கவர். மகள் நர்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள். தகப்பனார் சொன்னார்: "ஐயா, மில்லுக்கு அனுப்புனா மாசாமாசம் கையில காசு வருது. நர்சுக்கு அனுப்புனா மூணு வருசம் கையில இருந்து காசு போகுது. அதுக்கப்புறம் என்ன வருமுன்னு யாருக்கும் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்."

அவருக்கு உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காக இந்த நாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. திருச்சுழி என்றால் ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் என்று உலகம் அறியும். அருப்புக்கோட்டை என்றால் நெசவும் மல்லிகைப்பூவும். இரண்டுக்கும் நடுவே கிடப்பது மானாவாரிக் காடு. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தி, உளுந்து, மல்லி, மிளகாய், கம்பு போடுகிற மண். மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற மண். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78இல், இந்தப் பக்கம் பட்ட பாட்டைப் பாட்டிமார் வாய்வழியாக நாங்களே கேட்டிருக்கிறோம். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனார் பிற்பாடு மண்டபசாலையில் ஒரு நிலையம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலிருந்தே இங்கே பள்ளிக்கூடமும் மருந்தும் சேர்ந்தேதான் வந்தன.

இந்த ஊர்களில் ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால் அவளுக்கு முன்னால் மூன்று வழிகள். கல்யாணம். மில். படிப்பு. மில் என்பது நூற்பு ஆலை. வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். விடுதி, சாப்பாடு எல்லாம் உள்ளேயே. முன்பு சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக 30,000, 40,000 தருவதாகச் சொல்லி ஆள் எடுத்தார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று தாய் தகப்பன் அனுப்பினார்கள். மூன்று ஆண்டு முடியுமுன் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறோம், அவர்களில் சிலருக்கு இருமலுக்கு நம் ஆஸ்பத்திரியில் மருந்தும் கொடுத்திருக்கிறோம். அந்தப் பெயர் இப்போது அதிகம் காதில் விழுவதில்லை. வேன் மட்டும் வருகிறது. ஆகவே நாம் ஒரு பிள்ளையை நர்ஸ் படிப்புக்கு அழைக்கும்போது அந்த வேனோடு போட்டி போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இனி படிப்புக்கு வருவோம். நர்ஸ் படிப்பு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அது ஒன்றல்ல. நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு மட்டும். மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ இருக்கிறது. இதை முடித்தவர்தான் நாம் வார்டில் பார்க்கிற ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு ஆண்டு ஏ.என்.எம். இருக்கிறது, துணைச் செவிலியர் என்பார்கள். இது பெண்களுக்கு மட்டும், பிளஸ் டூவில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் சேரலாம். இந்த மூன்றையும் முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கலாம். 1926இல் இயற்றப்பட்ட சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. அந்த எண் இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் அல்ல.

நான்காவதாக ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில், மின்கம்பத்தில், டியூஷன் சென்டர் மாடியில் போர்டு தொங்கும்: ஓராண்டு நர்சிங், நூறு சதவீத வேலை வாய்ப்பு, அரசு அங்கீகாரம். இதைப் பற்றித்தான் நாங்கள் உங்கள் முன் ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தை ஜெபம் பண்ணித் திறந்து வைக்க எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். வேதம் வாசித்தோம், ஜெபித்தோம், ரிப்பன் வெட்டினோம், சால்வை போர்த்தினார்கள். நோட்டீசில் அரசு அங்கீகாரம் பெற்றது என்று அச்சாகியிருந்தது. எந்த அரசு, எந்த அங்கீகாரம் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த மாதமே சபையிலிருந்து இரண்டு பிள்ளைகளை நாங்களே சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினோம். ஒரு பிள்ளையின் தகப்பனார் உழவு மாட்டை விற்றுக் கட்டணம் கட்டினார். ஆண்டு முடிவில் பட்டமளிப்பு, தொப்பி, மெழுகுவர்த்தி, உறுதிமொழி எல்லாம் நடந்தது. சான்றிதழை எடுத்துக்கொண்டு கவுன்சிலில் பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்தது. அவர்களுக்கு இருந்த அங்கீகாரம் ஓர் அறக்கட்டளையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்த காகிதம் மட்டுமே. இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். மற்றவள் இன்று ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். ஒரு நாள் நாங்கள் அங்கே போயிருந்தபோது, கோபமில்லாமல்தான், சொன்னாள்: "நீங்க ஜெபம் பண்ணித் தொறந்த எடமுன்னுதானய்யா சேந்தேன்."

திருச்சுழித் தகப்பனார் கேட்ட கேள்விக்கு உடனே வாய் வராததற்குக் காரணம் இதுதான். அதற்குப் பிறகு எந்தத் திறப்பு விழாவுக்கும் கவுன்சிலின் ஆணை நகலைப் பார்க்காமல் நாங்கள் போவதில்லை. நீங்களும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சேருமுன் கேட்க வேண்டியது: இந்தப் படிப்பை முடித்தால் செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா, போன ஆண்டு முடித்தவர்களில் ஒருவருடைய பதிவுச் சான்றைக் காட்ட முடியுமா? காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தபடி, பயிற்சி பெற எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். தங்களுக்கென்று ஒரு தாய் மருத்துவமனை இல்லாத பள்ளியில் பிள்ளைகள் ஊசி போடுவதைப் பொம்மையிலேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள். வார்டு பயிற்சிக்கு வேறு ஊருக்கு அனுப்புவதென்றால் அதற்கும் தனிக் கட்டணம் வரும். சேரும் நாளில் அதை யாரும் சொல்வதில்லை.

குறுகிய காலப் பயிற்சியே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் என்று ஒரு நிலை வெகுகாலமாக உண்டு. ஏறக்குறைய ஓர் ஆண்டு படிப்பு, ஆனால் அரசு உரிமம் உண்டு, அதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு உண்டு. ரெஜிஸ்டர்டு நர்ஸின் கீழே வேலை செய்வார்கள், பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில். அங்கிருந்து மேலே படித்து ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆக ஒரு படிக்கட்டும் இருக்கிறது. நம் நாட்டில் அதற்கு நெருங்கி வருவது ஏ.என்.எம். 1950களின் தொடக்கத்தில், முழுப் பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமத்துக்குப் போதுமான அளவு கிடைக்காத நிலையில், இந்தப் படிப்பு தொடங்கியது. 1973இல் கர்த்தார் சிங் கமிட்டி இவர்களைப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் என்று மாற்றச் சொன்னது. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் என்று பெயர், நம் ஜனங்களுக்கு நர்ஸம்மா.

மிஷன் ஆஸ்பத்திரிகளின் வழி சற்று வேறு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார், டாக்டர் படிப்புக்கு ஒன்பது ஆண்டு முன்னால். மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. 1946இல் அங்கே நர்சிங் பட்டப் படிப்பு ஆரம்பமானது. நர்ஸ் வேலை என்றாலே முகம் சுளித்த காலம் அது. அடுத்த ஜாதியாரின் ரத்தத்தையும் சீழையும் தொடுவதா என்று பெற்றோர் கேட்டார்கள். மிஷன் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பிள்ளைகளும், போக்கிடம் இல்லாத விதவைகளும் ஆக இருந்ததற்கு இதுவே காரணம். இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அன்று வெட்கம் தடுத்தது, இன்று கட்டணம் தடுக்கிறது.

ஏ.என்.எம். முடித்தவருக்கு என்ன வருங்காலம்? நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறோம். அரசுத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தால் நிரந்தர வேலை. ஏறக்குறைய 5,000 ஜனங்களுக்கு ஒருவர். 2023 அக்டோபரில் 2,250 இடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் விளம்பரம் கொடுத்தது. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. பிறகு பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று பதவி உயர்வு உண்டு. நம் பகுதியில் அப்படி ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவை, அவர் கையில் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகள் வந்து கல்யாணப் பத்திரிகை வைத்து அழைக்கிறார்கள்.

அடுத்த பக்கம். அந்த விளம்பரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தாலும் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்தவரா, தனியாரில் படித்தவரா, எந்தத் தேதிக்குப் பிறகு படித்தவர் என்று விதிகளைப் பார்க்க வேண்டும். 2012 நவம்பருக்கு முன் பதினெட்டு மாதம் படித்தவருக்கு ஒரு விதி, அதன் பின் இரண்டாண்டு படித்தவருக்கு ஒரு விதி. அரசு வேலை கிடைக்கும்வரை அவர் போகக் கூடிய இடம் சிறு நர்சிங் ஹோம்தான். அங்கே ஸ்டாஃப் நர்ஸின் வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு உதவியாளரின் சம்பளம் கொடுக்கிறார்கள். நம்மிடம் வந்து சொல்லும் பிள்ளைகள் மாதம் 8,000 அல்லது 9,000 என்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெயரில் மருத்துவச்சி இருந்தாலும் அந்த வேலை சுருங்கிவிட்டது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான். ஆகவே இன்றைய நர்ஸம்மாவுக்குக் கர்ப்பிணிகளைக் கணினியில் பதிவது, தடுப்பூசி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று வேலை மாறியிருக்கிறது. பிரசவம் பார்க்க ஆசைப்பட்டுச் சேருகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜி.என்.எம். படித்தவருக்கு வாசல்கள் அதிகம். பெரிய ஆஸ்பத்திரி, அரசுத் தேர்வு, வெளிநாடு, மேலும் இரண்டு ஆண்டு படித்தால் பட்டம். ஆனால் ஓர் ஆண்டுச் செலவு கூடுதல். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு, மாத உதவித்தொகையும் உண்டு. அங்கே மார்க் அதிகம் வேண்டும், அறிவியல் படித்தவர்களுக்கே முன்னுரிமை. நம் பிள்ளைகளில் பலர் வணிகவியல் படித்தவர்கள், ஏனென்றால் அவர்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பிரிவுதான் இருந்தது. ஆகவே தனியார் பள்ளி. அங்கே கட்டணம், விடுதி, சாப்பாடு, சீருடை, ஷூ, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், சமுதாயப் பயிற்சிக்குப் போகும் வண்டிச் செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு 3 லட்சம். பேங்கில் கல்விக் கடன் வாங்குகிறார்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. வட்டி நூற்றுக்குப் பத்து. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு நாலு வருஷ வட்டி, இரண்டாவதுக்கு மூன்று வருஷம், மூன்றாவதுக்கு இரண்டு வருஷம். எல்லாம் சேர்ந்து 90,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 3,90,000 ஆகிவிடும். பத்து ஆண்டில் அடைக்க வேண்டுமென்றால் மாதத் தவணை 5,150 ரூபாய்க்குச் சற்று மேல். அந்தப் பிள்ளை ஒரு நர்சிங் ஹோமில் 12,000 சம்பளம் வாங்குகிறாள் என்றால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்கு என்ன அனுப்புவாள்? தகப்பனார் மில்லோடு ஒப்பிட்டுக் கேட்டது நியாயமா இல்லையா, நீங்களே பாருங்கள்.

அரசு வேலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோரும் உண்டு. தேர்வு வாரியத்தின் மூலம் 2015இல் ஆயிரக்கணக்கான நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராட்டம் நடத்திய பிறகு தொகை கூடியது. பின்னர் 14,000, அதன் பிறகு 18,000. கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பரோடு முடிந்துபோனது. கை தட்டி வாழ்த்தியவர்கள் அவர்களைத்தான் வாழ்த்தினார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் பேச வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்பேரில் மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20,000க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை மாநில அரசு நர்சுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. கேரளா 2018இல் அதை ஒட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. நாம்? நண்பர்களே, நம் ஆஸ்பத்திரியும் அந்த 20,000ஐக் கொடுப்பதில்லை. வருமானம் போதாது என்பது உண்மை. ஏழைகளிடம் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறோம் என்பதும் உண்மை. ஆனால் இவ்வளவு காலம் அந்தக் குறைவை ஊழியம் என்ற வார்த்தையால் மூடி வைத்தோம். இது ஊழியம் அல்லவா, சம்பளத்தைப் பார்க்கலாமா என்று காலைத் தியானத்தில் நாங்களே பேசியிருக்கிறோம். எங்களுக்குச் சபைச் சம்பளமும் குடியிருக்க வீடும் இருக்கிறது. இரவு டியூட்டி முடித்துத் தூக்கக் கண்களோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

இனி உங்களில் ஒருவர் எழுதிய கடிதம். பெயர் சொல்லவில்லை, அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நம் காணிக்கையில் படித்தவர்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்களாமே, அப்படியென்றால் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நேர்மையான கேள்வி. போகிறார்கள், அது உண்மை. ஆனால் எல்லாரும் போக முடியாது என்பதும் உண்மை. ஏ.என்.எம். படித்தவரை வளைகுடா நாடுகள் நர்சாகச் சேர்ப்பதில்லை. அங்கே ஜி.என்.எம். அல்லது பட்டம் வேண்டும், அதோடு இரண்டு ஆண்டு ஆஸ்பத்திரி அனுபவம் வேண்டும். கனடாவில் நம் ஜி.என்.எம். படித்தவர்களில் சிலரைப் பிராக்டிகல் நர்ஸ் நிலையிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். ஜெர்மனிக்கு அந்த மொழியைக் கற்க வேண்டும். 2015 முதல் வளைகுடா உட்பட பல நாடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் வேலை அரசு நிறுவனங்களுக்கே உரியதாகியது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. ஏஜெண்டு யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்ட விரோதம். பதிவு பெற்ற ஏஜெண்டு எந்த வேலைக்கானாலும் வாங்கக் கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் வரியும்தான்.

போனவர்களில் ஒருத்தியை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவள் அனுப்பிய பணத்தில் தங்கை பி.எட். முடித்தாள், தம்பி பாலிடெக்னிக் முடித்தான், சீமை ஓடு விழுந்த வீடு கான்கிரீட் ஆனது. நம் காணிக்கை வீண் என்று எந்த வாயால் சொல்வது? அதே சமயம் நம் பெண்கள் வார்டில் இரவில் இருபது படுக்கைக்கு ஒரே சிஸ்டர் நிற்கிற நாட்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எங்களால் அதைச் சமன்படுத்திச் சொல்ல முடியவில்லை.

போகாமல் தடுக்க ஒரு வழி வைத்திருந்தோம். அதையும் சொல்லிவிடுகிறோம். முன்பு நம் நிதியில் படித்தவர்களின் அசல் சான்றிதழ்களை அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருந்தோம். மூன்று ஆண்டு இங்கே வேலை செய்தால் திருப்பித் தருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் அப்படிச் செய்யக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. தடை வந்த பிறகும் கொஞ்ச காலம் நாங்கள் கொடுக்கவில்லை. தகப்பனார் இறந்த வீட்டில் ஒரு பிள்ளை சான்றிதழ் கேட்டு வந்து வராந்தாவில் மாலை வரை உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் கமிட்டியார் பீரோவைத் திறக்கச் சொன்னார்கள். இப்போது எவருடைய சான்றிதழும் எங்களிடம் இல்லை.

ஆகவே நிதியைப் பற்றிக் கமிட்டியார் தீர்மானித்திருப்பது இது. இனி முழுக் கட்டணத்தையும் சில பேருக்குக் கொடுப்பதைவிட, அரசுப் பள்ளியிலோ தாய் மருத்துவமனை உள்ள மிஷன் பள்ளியிலோ இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு விடுதி, சீருடை, புத்தகம், பயணம் ஆகியவற்றைத் தாங்குவோம். வீடுகள் இடறுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளில்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவானது. விண்ணப்பம் போடத் தெரியாமல் விட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதற்கு ஒரு தம்பியை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், சனிக்கிழமை காலையில் வரலாம். மீதி நிதியில் ஒரு பகுதியை நம் வார்டில் வேலை செய்யும் நர்சுகளின் சம்பளத்தோடு சேர்க்கப் போகிறோம். படிப்புக்குக் கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். படித்த பிள்ளைக்கு வாழ வழியில்லாத சம்பளம் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் படிக்கக் கூப்பிடுவது எங்களுக்கு இனி முடியாது.

திருச்சுழித் தகப்பனாரை மறந்துவிடவில்லை. இரண்டாவது முறை வந்தபோது மகளிடமே கேட்டோம். வணிகவியல் படித்தவள், மார்க் சுமார்தான், ஆங்கிலம் என்றால் பயம். ஜி.என்.எம். சேரும்படி நாங்கள் வற்புறுத்தினோம். மூன்று ஆண்டு பொறுத்தால் வாசல்கள் அதிகம் என்று விளக்கினோம். அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டு வருசம்னா அப்பா தாங்குவாரு ஐயா. மூணாவது வருசம் தம்பி பன்னெண்டு முடிப்பான்" என்றாள். ஏ.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்கள் பிறகு ஜி.என்.எம். சேர இடம் உண்டு, ஆனால் முதல் ஆண்டிலிருந்து முழுமையாக மூன்று ஆண்டும் படிக்க வேண்டும், கழிவு கிடையாது என்றும் சொன்னோம். அதையும் கேட்டுக்கொண்டாள். கவுன்சில் அங்கீகாரமுள்ள ஒரு பள்ளியில், அதன் முந்தைய மாணவி ஒருத்தியின் பதிவுச் சான்றை நேரில் பார்த்த பிறகு, சேர்ந்திருக்கிறாள். ஒன்பது ஆட்டில் நாலை விற்றிருக்கிறார்கள். விடுதிச் செலவை நம் நிதி ஏற்றிருக்கிறது. எங்களுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஜி.என்.எம். சேர்ந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறோம். ஆனால் அந்த வீட்டுக் கணக்கு எங்களுக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஆண்டு உதவி பெறும் பிள்ளைகள், அவர்கள் படிக்கும் பள்ளிகள், ஒவ்வொருவருக்கும் கொடுத்த தொகை எல்லாம் பொருளாளர் மேசையில் உள்ள நோட்டில் எழுதியிருக்கிறது. போன ஆண்டுகளில் படித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதும் பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் இருக்கும் பிள்ளையின் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறோம். டீ குடித்துவிட்டு வந்து புரட்டிப் பாருங்கள்.